மாசி வரை பொறுக்காத காகிதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது, என் வீட்டுக்காரரிலிருந்து ஆனையூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருபவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபத்தில் நான் ஒருமுறை பத்துப் பேர் முன்னிலையில் ஒரு மனிதரைச் சொல்லக் கூடாத சொல் சொல்லிவிட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர் போய்ச் செய்த காரியத்தால் இன்றைக்கு ஒரு வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நேரில் நன்றி சொல்லப் போனால் பேச்சை மாட்டுத் தீவனத்துக்கு மாற்றிவிடுகிறார். அதனால் எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். பிறகு ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள், எங்கே ஏமாறுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது, சிக்கிக்கொண்டவர்களுக்குச் சட்ட உதவி செய்வது, விதிகளில் எதை மாற்றினால் நல்லது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது, இவைதான் எங்கள் வேலை. நாங்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருவர் வக்கீல். நாற்பது வயதுப் பெண்மணி, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் பேசுகிற பேச்சு அவருக்கும் சேர்த்துச் சரியாகிவிடும்.

என் பங்குக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்கள் வந்தன. முப்பது பக்கக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவேன். முதல் இரண்டு மாதம் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மோர் கொடுப்பார்கள், உட்காரச் சொல்லி மின்விசிறியைப் போடுவார்கள், எங்க பையனுக்கு ஏதும் பொண்ணு இருக்கா என்று கேட்பார்கள், எங்கள் கேள்விக்கு மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். ஆள் அனுப்பும் ஏஜெண்டு பெரும்பாலும் சொந்தக்காரனாக இருப்பான் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா மகனைப் பற்றி யாரோ ஒரு ஆனையூர்க்காரியிடம் எப்படிச் சொல்லுவார்கள்? சேர்ந்து கறிவேப்பிலை உருவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மெல்ல மெல்லத்தான் பேச்சு வந்தது.

பேச்சு வர வர ஒரு விஷயம் புரிந்தது. அவதிப்பட்டுத் திரும்பியவர்கள் வீட்டில் ஒரு காகிதமும் இல்லை. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், விசா எல்லாம் போனவர் பையிலேயே போயிருக்கும். அங்கே முதலாளி பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் இங்கே குடும்பத்துக்கு, அவர் எந்தக் கம்பெனிக்குப் போனார் என்பதுகூடத் தெரியாது. ஆகவே கிளம்பப் போகிறவர்களுக்கு உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு நடத்தினோம். சந்தை நாளாகப் பார்த்து வைத்தால்தான் ஆள் வரும். மாடு விற்க வந்தவர்கள் அப்படியே மாடிக்கும் ஏறி வருவார்கள். வகுப்பு எடுத்ததால் என்னை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கையை நீட்டி நீட்டி ஒன்றைச் சொல்லுவேன். எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள், அதை யார் கையும் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள் என்று.

சொன்னதைச் சொன்னபடி கேட்ட குடும்பம் ஒன்று இருந்தது.

ஒரு ஆடி மாதம் அந்த வீட்டுப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு கறவை மாடு. அவள் கணவர் மாசிச் சிவராத்திரி முடிந்த கையோடு வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனவர். கம்பெனியில் டிரைவர் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். போய் இறங்கியதும் பாலைவனத்துக்கு நடுவே ஓர் ஆட்டு மந்தையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கைபேசியையும் பையையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் நடக்க ஆரம்பித்து, எப்படியோ நகரத்துக்கு வந்து நம் நாட்டுக்காரர்கள் நடத்தும் ஒரு தங்குமிடத்தில் இருந்தார். காலில் புண் புரையோடியிருந்தது. அதற்குள் முதலாளி அவர்மேல் ஓடிப்போய்விட்டார் என்று புகார் கொடுத்திருந்தார். இதையெல்லாம் தங்குமிடத்திலிருந்த ஒரு நர்சம்மாவின் போனிலிருந்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வக்கீல் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாக விளக்கினார். அந்த நாட்டில் முதலாளியை விட்டு ஓடுவது குற்றம். பன்னிரண்டு நாளில் விசாரணை. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் ஜெயில்தான். டிரைவர் வேலைக்கென்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் காட்டினால், அவர் ஓடிப்போனவர் இல்லை, ஏமாற்றப்பட்டவர் என்று நம் தூதரகம் எடுத்துப் பேசலாம். ஏஜெண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றாள் அவள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம் வகுப்பு வீண் போகவில்லை என்று வக்கீலைப் பார்த்தேன். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சாமிப் பெட்டியில் என்றாள்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் புதிது. பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவாகக் குலசாமிக்கு ஒரு பெட்டி உண்டு. சாமியின் உடுப்பும் மணியும் நகையும் அதில் இருக்கும். பெட்டி வீடு என்று ஒரு தனி வீட்டில் பூட்டி வைத்திருப்பார்கள். மாசிச் சிவராத்திரிக்கு மட்டும்தான் திறப்பார்கள். இவள் கணவர் ஊருக்குக் கிளம்புமுன் அந்தச் சிவராத்திரிக்கு ஒப்பந்த நகலைச் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். பிறகு அதைச் சாமி உடுப்போடு சேர்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடச் சொல்லியிருக்கிறார். இனி அடுத்த மாசிக்குத்தான் திறப்பு.

வீட்டில் பீரோ இல்லையா, அரிசிப் பானைகூட இல்லையா என்று நான் கத்தினேன். அவள் அசரவில்லை.

"பீரோவ நாளைக்கே ஒருத்தன் ஒடைச்சிருவான். பெட்டிய எவன் தொடுவான்? யாரு கையும் படாத எடத்துல வைக்கச் சொன்னது நீங்கதான டீச்சர்."

எங்கள் வக்கீல் சிரித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு நாளில் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போவான், அவனைக் காப்பாற்றுகிற காகிதத்தை என் பேச்சைக் கேட்டுத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

மறுநாளே அரப்பாளையம் பஸ் நிலையம் போய் உசிலம்பட்டி பஸ் பிடித்தேன். அந்தப் பெண் எனக்காக உசிலம்பட்டியில் காத்திருந்தாள். அங்கிருந்து அவள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் போகும்போதுதான் மீதியைச் சொன்னாள். அவள் கணவரை அனுப்பிய ஏஜெண்டும் இதே பெட்டியைக் கும்பிடும் பங்காளிதான். பெட்டிச் சாவி இருப்பது பூசாரியிடம். அந்தப் பூசாரி, ஏஜெண்டின் கூடப் பிறந்த அண்ணன். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டேன். நேற்றே சொன்னால் நீங்கள் நேற்றே கத்தியிருப்பீர்கள் என்றாள். நியாயம்தான்.

பெட்டி வீட்டுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் பத்துப் பங்காளிகள் கூடியிருந்தார்கள். பூசாரி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் நாலைந்து மாடும் வைத்துப் பிழைக்கிறவர். தோளில் துண்டோடு மரத்தில் சாய்ந்து நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வேளை கெட்ட வேளையில் பெட்டியைத் திறந்தால் மாடு கன்றுக்கு ஆகாது என்றார் ஒருவர். பூப்போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்கலாம், அதற்கும் நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஆவணி பிறக்கட்டும் என்றார் மூன்றாமவர். ஆவணி பிறக்கும்போது அவர் ஜெயிலில் இருப்பார் என்று நான் நாலு தடவை சொன்னேன். பூசாரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரம் போனது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க ஏன் பேச மாட்டேங்குறீங்கன்னு எனக்குத் தெரியும். சாமி குத்தம்லாம் சும்மா. தம்பிய போலீஸ் பிடிச்சிரும்னுதான சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கிறீங்க?"

அந்தப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஒருவர் கோபத்தோடு எழுந்தார். பூசாரி அவரைக் கையமர்த்தினார். என் முகத்தைப் பார்க்காமல் பங்காளிகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவன வெளிநாட்டுக்கு அனுப்புறப்ப சாமிகிட்ட உத்தரவு கேட்டா அனுப்புனோம்? அங்கிட்டு ஆடு மேய்க்க விட்டப்பக் கேட்டமா? இப்ப மட்டும் என்னத்துக்குக் கேக்கணும்? நான் தொறக்கப் போறேன். குத்தம்னா என்மேல வரட்டும்."

அவர் ஆழ்துளைக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தார். பெண்கள் தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். நாங்கள் பம்புசெட் பக்கம் போய் நின்றோம். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெட்டிக்குள்ளிருந்த மணி அசைந்து ஒலித்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள். அன்றைக்கு எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டினேன்.

மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தால் காகிதம் முழுக்கச் சந்தனமும் சூட வாசமும். கீழ்ப்பக்கம் முத்திரை இருக்கும் இடத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஆனால் எழுத்து எல்லாம் தெளிவாக இருந்தது. டிரைவர் என்ற வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான் காகிதத்தை மடிக்கப் போகும்போது அவர் நிறுத்தச் சொன்னார். தம்பி கையெழுத்து இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொண்டுபோகலாம் என்று தலையசைத்தார்.

நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நேரமாகிறது, பஸ்ஸைப் பிடியுங்கள் என்றார்.

உசிலம்பட்டியில் இறங்கியதும் ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி எடுத்தேன். பத்தா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். பத்தேதான் என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. முத்திரைமேல் குங்குமம் பட்டிருப்பதால் காகிதத்தின்மேல் சந்தேகம் வரலாம், அது எங்கே இருந்தது, யார் எடுத்தது என்று எடுத்தவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றார் வக்கீல். பூசாரிக்குப் போன் செய்தேன். நாளைக்குக் காலையில் வாரேன் என்றார். சொன்னபடி வந்தார். வக்கீல் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். பிறகு பேனாவைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். இந்தக் கையெழுத்து அங்கே விசாரணைக்கு மட்டும் போகாது, இங்கே உங்கள் தம்பிமேல் நாங்கள் கொடுக்கப் போகும் புகாரிலும் சேரும், நீங்கள் முதல் சாட்சியாக இருப்பீர்கள், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டோம் என்று. எனக்கு அந்த நேரத்தில் எங்கள் வக்கீல்மேல் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவரை இவரே திருப்பி அனுப்பிவிடுவார் போலிருக்கிறதே என்று பல்லைக் கடித்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பெண்மணிமேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. உண்மையை மறைத்து ஒரு கையெழுத்தை வாங்கியிருந்தால் எங்களுக்கும் அந்த ஏஜெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பூசாரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதப் போட்டா அங்கிட்டு இருக்கவன் ஊருக்கு வந்துருவானா?"

வர வாய்ப்பிருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வக்கீல். பூசாரி கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்ததில் நான் முகம்கூடப் பார்க்காத பலருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நர்சம்மாவின் போனுக்குக் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பிய அன்றே அவர் அதை அச்செடுத்துத் தூதரகத்து அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அந்த அதிகாரி விசாரணைக்கு நேரிலேயே போனார். ஓடிப்போனார் என்ற புகார் தள்ளுபடி ஆனது. கால் புண் ஆறி, ஊர் திரும்ப அனுமதி வாங்கி அவர் கிளம்ப ஐப்பசி ஆகிவிட்டது. இதற்கு நடுவே இங்கே போலீஸார் ஏஜெண்டைக் கைது செய்தார்கள். அவனை நம்பிப் பாஸ்போர்ட் கொடுத்திருந்த மேலும் சில குடும்பங்கள் எங்களிடம் ஓடி வந்தன. அவர்கள் வெளிநாடு கிளம்பாமல் நின்றுகொண்டார்கள்.

எங்கள் கையேட்டில் அந்த வரியையும் மாற்றினோம். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றைச் சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் கொடுங்கள், படம் பிடித்து இரண்டு பேர் போனில் வையுங்கள், எந்த நேரத்திலும் எடுக்க முடிகிற இடத்தில் வையுங்கள் என்று இப்போது இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் ஒரு கலந்தாய்வில் இந்த வரி ஏன் வந்தது என்று நான் கதையைச் சொன்னேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஓர் அதிகாரி, வெளிநாடு போகிறவர்களின் ஒப்பந்த நகலை அரசே ஓர் இடத்தில் பதிந்து வைத்தால் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அது இன்னும் கோப்பாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போன் செய்து அவரைத் தொந்தரவு செய்கிறேன். என் கோபத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கணவர் சென்னையில் விமானம் இறங்கி, பஸ் ஏறி, ஒரு விடிகாலையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நானும் நின்றோம். பூசாரியும் வந்திருந்தார். ஆனால் எங்களோடு நிற்கவில்லை. பூ மூட்டைகளை இறக்கும் ஆட்டோக்களுக்குப் பக்கத்தில் தள்ளி நின்றார். வகுப்பில் பார்த்திருந்தும், பஸ்ஸிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். இளைய பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்தப் பெண் அழவில்லை. காலைக் காட்டுங்கள் என்று முதலில் புண் ஆறிய இடத்தைத்தான் பார்த்தாள். பிறகு, அங்கே சோறே போடவில்லையா என்று திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே அவர் கையை விடவில்லை. அவர் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு நிமிர்ந்தபோது பூசாரியைப் பார்த்துவிட்டார். நேராகப் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லாரும் டீ குடித்தோம். அவர்கள் உசிலம்பட்டிக்குப் போக அரப்பாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். பூசாரி மட்டும் ஏறவில்லை. என்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். தம்பிக்கு ஒரு வக்கீல் வேண்டும், இலவசமாக வாதாடுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இப்போதுதானே அந்த மனிதரின் காலைப் பார்த்தோம், அதற்குள் அவனுக்கா வக்கீல் என்று பட்டென்று கேட்டுவிட்டேன். இந்த முறை அவர் எனக்குப் பதில் சொன்னார்.

"நான் எடுத்துக் குடுத்த பேப்பர்லதான் டீச்சரம்மா அவன் உள்ள இருக்கான். செஞ்சத அவன் அனுபவிக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா அவன் பக்கத்துல நின்னு பேச ஒரு ஆளு வேணும்ல. இவனுக்கு நீங்க அம்புட்டுப் பேரு நின்னீங்கள்ல."

நான் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன்.

எங்கள் வக்கீல் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்காக நிற்பவர், ஆகவே இதில் அவர் தலையிட முடியாது. ஆனால் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு மனு எழுதலாம், சாட்சி சொல்லுகிறவர் தன் தம்பிக்காக மனு கொடுக்கக் கூடாது என்று தடை ஏதும் இல்லை என்றார். மனுவை நான்தான் எழுதினேன். தம்பிமேல் போலீஸார் போட்டிருந்த வழக்குக் காகிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தேன். அதில் சாட்சிகள் என்ற இடத்தில் முதல் பெயர் அவருடையது. நான் நிரப்பிக்கொண்டிருந்த தாளில் மனுதாரர் பெயர் என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே உறவு என்று ஒரு கட்டம். என் பேனா நின்றுவிட்டது. இரண்டு தாளையும் அவர் பக்கம் திருப்பி, வேறு யார் பெயரிலாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

அவர் இரண்டையும் பார்த்தார்.

"ரெண்டுலயும் நாந்தான் டீச்சரம்மா. எழுதுங்க" என்றார்.